வேன் ஹீட்டரில் சூடு வரவில்லையா? முதலில் தண்ணியைப் பாருங்கள்

நமது தோட்டங்களில் சொந்தமாக வேன் வைத்திருப்பவர்கள் இப்போது பலர். ஊழியர் சேமலாப நிதியில் கிடைத்த பணத்தைப் போட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் மகள் அனுப்பிய காசில் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுவதும் இந்த வேன்தான், நடுச்சாமத்தில் பிரசவ வலி வந்த தாயை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும் இந்த வேன்தான். டொயோட்டா ஹயஸ், நிசான் கெரவன், மிட்சுபிஷி டெலிகா என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் ஜப்பானில் சில வருடங்கள் ஓடிய பிறகு இங்கே வந்தவை. 1989க்குப் பின் வந்த ஹயஸ் ரகத்துக்கு நம்மவர்கள் ‘டொல்பின்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வேனையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. இன்றும் அந்த வேன்கள்தான் நம் பாதைகளில் ஓடுகின்றன.

ஜப்பானில் பனிக்காலம் கடுமை. ஆகவே அங்கிருந்து வந்த வேனில் ஹீட்டர் பூட்டியே இருக்கும். சிலவற்றில் பின் சீட்டுக்காரர்களுக்கென்று தனியாக இன்னொரு ஹீட்டரும் உண்டு. கொழும்பிலோ குருநாகலிலோ ஓடும்வரை அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நுவரெலியா, கந்தப்பளை, ராகலைப் பக்கம் வந்த பிறகுதான் அதன் ஞாபகம் வருகிறது. ஜனவரி, பெப்ரவரி விடிகாலைகளில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிப்போவதை நாம் பார்க்கிறோம் அல்லவா, அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் வேனில் ஏறுகிறார்கள்.

“சூடு வராட்டி என்ன, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா போச்சு” என்று சிலர் சொல்கிறார்கள். குளிர் ஒரு பக்கம் இருக்கட்டும். முன் கண்ணாடியின் உட்புறம் படியும் நீராவியைப் போக்குவதும் இந்த ஹீட்டரின் சூடுதான். கதவு ஜன்னலெல்லாம் மூடிய வேனுக்குள் பன்னிரண்டு பிள்ளைகள் மூச்சு விட்டால் ஐந்து நிமிடத்தில் கண்ணாடி வெள்ளையாகிவிடும். வெளியே மிஸ்ட், உள்ளே ஆவி. சாரதி ஒரு கையால் ஸ்டியரிங் பிடித்து மறு கையால் துணிபோட்டுத் துடைத்துக்கொண்டே ரம்பொடை வளைவுகளில் இறங்குவதை நாங்கள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். அதனால்தான் நலன்புரிப் பக்கத்தில் இந்த விஷயத்தை எழுதுகிறோம்.

ஹீட்டர் வேலை செய்யும் விதம்

ஹீட்டருக்குள் நெருப்பும் இல்லை, கரண்ட் கம்பியும் இல்லை. இஞ்சின் ஓடும்போது அது அதிகம் சூடாகாமல் இருக்க அதைச் சுற்றித் தண்ணி ஓடுகிறது. சூடான அந்தத் தண்ணி முன்னால் உள்ள ரேடியேட்டருக்குப் போய் ஆறி வருகிறது. அதிலிருந்து ஒரு பங்கு இரண்டு ரப்பர் குழாய் வழியாக டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. அதன்மேல் ஒரு மின்விசிறி காற்றை அடிக்கிறது. அந்தக் காற்றுதான் சூடாக நம் காலுக்கும் கண்ணாடிக்கும் வருகிறது.

தொழிற்சாலையில் கொழுந்து வாடப்போடும் மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பிலிருந்து சூடு வரவேண்டும், ஃபேன் சுற்றவேண்டும், காற்று போகும் வழி அடைபடாமல் இருக்கவேண்டும். மூன்றில் எது கெட்டாலும் கொழுந்து வாடாது. வேனிலும் அதே கதைதான்.

ஆகவே முதல் கேள்வி இது: காற்றே குறைவாக வருகிறதா, இல்லை காற்று நன்றாக வந்தும் சூடு இல்லையா? இதைப் பிரித்துப் பார்க்காமல் கராஜுக்குப் போகக்கூடாது. போனால் தேவையில்லாத சாமானுக்குக் காசு கொடுக்க நேரும்.

காற்று குறைவு என்றால் தண்ணிப் பக்கம் போகவே வேண்டாம். கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் ஜாலியில் சைப்பிரஸ் இலை அடைத்திருக்கலாம். மாதக்கணக்கில் நின்ற வேனில் எலி கூடு கட்டியிருக்கலாம். ஃபேன் நாலாம் எண்ணில் மட்டும் சுற்றி, ஒன்று, இரண்டு, மூன்றில் சுற்றாவிட்டால் அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். அது சின்னச் சாமான், ஃபேனையே மாற்றத் தேவையில்லை. எந்த எண்ணிலும் சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். இவ்வளவுதான் காற்றுப் பக்கம்.

காற்று நன்றாக வந்தும் சூடு இல்லை என்றால்

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பத்து வேனில் ஹீட்டர் பலவீனம் என்று வந்தால் பெரும்பாலானவற்றில் குற்றம் ஹீட்டரில் இருப்பதில்லை, இஞ்சின் தண்ணியில்தான் இருக்கும். ஹீட்டருக்குப் போகும் குழாய் உயரமான இடத்தில் இருப்பதால் தண்ணி கொஞ்சம் குறைந்தாலே முதலில் அதற்குத்தான் தண்ணி எட்டாமல் போகும். இஞ்சின் கொதிப்பதற்குப் பல நாள் முன்பே ஹீட்டர் ஆறிப்போய்ச் சொல்லிவிடும். அதைக் கவனிக்காமல் விட்டவர்தான் பிறகு ஏற்றத்தில் புகையோடு நிற்கிறார்.

காலையில், இஞ்சின் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், பச்சைத் தண்ணி போல ஆறி இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடான இஞ்சினில் ஒருக்காலும் திறக்கக்கூடாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம். இங்கே கேத்தலில் தண்ணி 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், கொழும்பில் போல 100 வரை போகாது. ரேடியேட்டருக்குள் தண்ணி அதையும் தாண்டிக் கொதிக்காமல் நிற்பது மூடி கொடுக்கும் அழுத்தத்தால்தான். சூட்டில் மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் போய்விடும், தண்ணி ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறந்தாலும் ஆபத்துதான்.

இதே காரணத்தால் மூடியின் ரப்பர் பழுதானால் கீழ்நாட்டு வேனைவிட நம் வேனுக்குத்தான் பாதிப்பு கூட. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் போட்டிருக்கும். மாற்றும்போது அதே எண்ணில் வாங்குங்கள்.

மேல்கணக்கு டிவிஷனில் பாடசாலைக்கு வேன் ஓடும் ஒரு தம்பி போன வருடம் எங்களிடம் வந்தார். டவுனில் ஒரு கராஜில் ஹீட்டரை முழுவதும் கழற்றி மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். கேட்ட தொகை அவருடைய ஒரு மாத ஓட்டத்துக்குச் சமம்.

“தண்ணி பார்த்தீங்களா தம்பி?”

“ரிசர்வ் டேங்க்ல நிறைய இருக்குங்க ஐயா. அப்புறம் எப்படிக் குறையும்?”

பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ரிசர்வ் டேங்க் நிறைந்திருப்பதால் ரேடியேட்டரும் நிறைந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. இஞ்சின் ஆறும்போது டேங்கிலிருந்து தண்ணியை உள்ளே திரும்ப இழுப்பது மூடியில் உள்ள ஒரு சின்ன வால்வு. அது இறுகிவிட்டால் டேங்க் நிறைய இருக்கும், உள்ளே காலியாக இருக்கும். அடுத்த நாள் காலை திறந்து பார்த்தபோது இரண்டு லீற்றருக்குக் கிட்டப் போயிற்று. பின் ஹீட்டருக்குப் போகும் குழாயின் கிளிப் ஒன்று தளர்ந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. ஒரு கிளிப், ஒரு மூடி. சூடு வந்துவிட்டது.

தண்ணி நிறைந்திருந்தும் சூடு இல்லையென்றால் டாஷ்போர்டில் உள்ள சூட்டு ஊசியைப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியபின் ஊசி நடுவுக்குக் கிட்ட வந்து நிற்கவேண்டும். அடியிலேயே கிடந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். இது இஞ்சின் சூடாகும்வரை தண்ணியை ரேடியேட்டருக்கு விடாமல் மறித்து வைக்கும் கதவு. எத்தனை பாகையில் திறக்கும் என்பது அதிலேயே பொறித்திருக்கும், பல ஜப்பான் வேன்களில் 82. அது திறந்தபடி இறுகிவிட்டால் தண்ணி எப்போதும் ஆறிக்கொண்டே இருக்கும், ஹீட்டருக்குச் சூடு மிஞ்சாது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. “இந்த நாட்டு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு” என்று சொல்லி அதைக் கழற்றி வீசிவிடும் பழக்கம் சில பாஸ்மாரிடம் இருக்கிறது. கடற்கரையில் ஓடும் வேனுக்கே அது சரியில்லை. நம் குளிருக்கு முற்றிலும் பிழை. இஞ்சின் ஒழுங்கான சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசல் கூடச் செலவாகும், தேய்மானமும் கூடும். சில இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, ஏற்றத்தில் கொதித்தும் போகும். ஆகவே பழைய வேன் வாங்கியவர் இந்தச் சாமான் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு அறிந்துகொள்வது நல்லது.

சோதிப்பது சுலபம். ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் ஆறியே இருந்து, பிறகு சட்டென்று சூடாகவேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தால் கதவு மூடவில்லை, அல்லது கதவே இல்லை. கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு நூலில் கட்டிச் சட்டித் தண்ணியில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தால் தண்ணி கொதிக்கும் முன் அது திறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஆறினால் மூடவேண்டும். (அந்தச் சட்டியைப் பிறகு சமையலுக்கு எடுக்கவேண்டாம்.)

நீண்ட இறக்கத்தில் சூடு கொஞ்சம் குறைவது பழுதல்ல. டீசல் இஞ்சின் இறக்கத்திலும் நின்ற இடத்திலும் குறைந்த சூட்டைத்தான் தரும். நானுஓயாவிலிருந்து தலவாக்கலை இறங்கும்போது குறைந்து, திரும்ப ஏறும்போது கூடினால் கவலைப்படத் தேவையில்லை.

இரண்டு குழாயையும் தொட்டுப் பார்ப்பது

தண்ணியும் சரி, ஊசியும் சரி என்றால் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாயைத் தேடுங்கள். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் முழுவதும் திருப்பி வைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். பிறகு இஞ்சினை நிறுத்தி, பெல்ட் நின்றதைப் பார்த்தபிறகே கை வைக்கவேண்டும். நம் வேன்களில் இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் இடம் நெருக்கம். சால்வை, தொங்கும் சேலைத் தலைப்பு, சட்டைக் கை எதுவும் கிட்டப் போகக்கூடாது. பக்கத்தில் பிள்ளைகளை நிற்க வைக்காதீர்கள். குழாயை விரலால் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள்.

இரண்டும் சூடு என்றால் தண்ணி நன்றாக ஓடுகிறது. உள்ளே காற்றைத் திருப்பும் தட்டோ அதன் கேபிளோதான் கழன்றிருக்கும். ஒன்று சூடு, மற்றது ஆறி இருக்கிறது என்றால் சின்ன ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. இரண்டுமே ஆறி இருந்தால் தண்ணி அங்கே போகவில்லை, தண்ணியை விடும் வால்வு மூடியிருக்கும் அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கும்.

கீழ்நாட்டில் ஓடிய வேனில் இந்த வால்வு வருடக்கணக்கில் திருப்பாமல் கிடந்து இறுகியிருப்பது சாதாரணம். குமிழ் திரும்பும், கேபிள் அசையும், வால்வு அசையாது. எண்ணெய் விட்டு மெதுவாக அசைத்தால் பல வேளை விட்டுக் கொடுக்கும். பலாத்காரம் பண்ணினால் உடைந்து தண்ணி கொட்டும். பின் ஹீட்டருக்கு வேறு வால்வு இருக்கலாம், அதையும் மறக்காதீர்கள். வெயில் காலத்திலும் கிழமைக்கு ஒருமுறை குமிழை ஒரு தரம் திருப்பி விடுவது நல்ல பழக்கம்.

காற்று அடைத்ததை எடுக்க நமக்கு மலை உதவி செய்கிறது. ஆறிய வேனை மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சிறு ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் டயருக்குக் கல் வையுங்கள். ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி இஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். தண்ணி இறங்க இறங்க ஊற்றுங்கள். தண்ணி சூடேறி மேலே எழும்பத் தொடங்கும் முன்பே மூடியைப் போட்டுவிடவேண்டும். மறுநாள் காலை ஆறிய பிறகு மீண்டும் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒரு கிழமையாகக் குமிழி வந்துகொண்டே இருந்தால், தண்ணியும் குறைந்து வெள்ளைப் புகையும் போனால், அது ஹெட் கேஸ்கட். அந்த வேனில் பிள்ளைகளை ஏற்றாமல் நேரே கராஜுக்குப் போகவேண்டியதுதான்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் பீலித் தண்ணிதான். பார்க்கக் கண்ணாடி போல இருந்தாலும் அதில் மண்ணும் உப்பும் இருக்கும். இஞ்சினுக்குள் துருவும் சேர்ந்து சேறாகி அந்தச் சின்ன ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும். இரண்டு குழாயையும் கழற்றி, தண்ணி வெளியே வரும் பக்கத்திலிருந்து திருப்பி, மெதுவாகத் தோட்டக் குழாய்த் தண்ணியை விட்டால் செந்நிறச் சேறு வெளியே வரும். தெளிவாகும்வரை விடுங்கள். வாகனம் கழுவும் வேகப் பம்பை மட்டும் வைக்காதீர்கள், பழைய ரேடியேட்டர் பிளந்துவிடும். பிறகு நல்ல கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

கூலன்ட் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. அதில் இருக்கும் எத்திலீன் கிளைகோல் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகம் கெட்டுப்போகும், உயிரும் போகலாம். லயத்து வாசலில் கழற்றிய பழைய தண்ணியைக் கானில் ஊற்றாதீர்கள், நாயும் கோழியும் குடிக்கும். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது படுபாதகம். பிள்ளைகள் எட்டாத இடத்தில், அதன் சொந்தக் கேனிலேயே பூட்டி வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைத்து நேரத்தை வீணாக்காமல் கேனையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும்.

குழாயை இணைத்து விடுபவர்கள்

சின்ன ரேடியேட்டர் ஓட்டை விழுந்தால் வேனுக்குள் ஒரு இனிப்பு வாடை வரும், கண்ணாடியில் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம் ஏறும், முன் சீட்டுக்காரரின் காலடிக் கார்ப்பெட் ஈரமாகும். இதற்குப் பல கராஜில் செய்யும் வைத்தியம், இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரையே ஒதுக்கிவிடுவது. வழியில் நின்ற வேனை வீடு சேர்க்க அது சரிதான். அப்படியே வருடக்கணக்கில் விடுவதை நாங்கள் ஏற்கவில்லை. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேன் கண்ணாடி தெரியாமல் மிஸ்டில் போகக்கூடாது. பழைய ரேடியேட்டரை ஈயம் வைத்து அடைக்கத் தெரிந்த ஆட்கள் இன்னும் டவுனில் இருக்கிறார்கள், பாவித்த சாமானும் கிடைக்கும். பழைய வேன் வாங்கும்போது இந்தக் குழாய் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்து, அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

சூடு வந்த பிறகும் கண்ணாடி தெளியவில்லை என்றால் காற்றுக் குமிழ் உள்காற்றைச் சுற்றவிடும் பக்கத்தில் இருக்கும். அதை வெளிக்காற்றுப் பக்கம் திருப்புங்கள். ஏ.சி. வேலை செய்யும் வேனில் ஹீட்டரோடு அதையும் சேர்த்துப் போட்டால் காற்றில் உள்ள ஈரம் போய்க் கண்ணாடி சீக்கிரம் தெளியும்.

வெளிக்காற்றுப் பக்கம் வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இஞ்சின் நம் சீட்டுக்கு அடியில். அதை மூடும் தகட்டின் ரப்பர் கிழிந்து, சைலன்சரும் ஓட்டையாக இருந்தால் புகை உள்ளே வரும். அதில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வேனில் வந்த பிள்ளைகள் தலையிடி என்கிறார்கள், குமட்டுகிறது என்கிறார்கள், அளவுக்கு மீறித் தூங்கி விழுகிறார்கள் என்றால் வளைவுப் பாதையின் மேல் பழி போடாமல் அந்த ரப்பரையும் சைலன்சரையும் பாருங்கள். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு ஹயர் வந்து, இரவில் இஞ்சினை ஓடவிட்டு ஜன்னலை மூடி வேனுக்குள் தூங்கும் சாரதிமாருக்கும் இதைச் சொல்கிறோம். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று கரிச்சட்டியை வேனுக்குள் வைப்பதும் அதே ஆபத்துதான். இஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

தண்ணி மாற்றிய திகதியைச் சாரதிக் கதவின் உட்பக்கம் பேனையால் எழுதி வைத்தால், அடுத்து எப்போது மாற்றவேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. எத்தனை காலத்துக்கு ஒருமுறை என்பது கூலன்ட் கேனிலேயே இருக்கும். டிசம்பர் குளிர் தொடங்குவதற்கு முன், நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூடி, கிளிப், இரண்டு குழாய், குமிழ் ஆகியவற்றைப் பார்த்து முடிக்க அரை மணித்தியாலம் போதும்.